இரண்டு கொட்டும் முப்பது கொட்டும்

‘குளவிக் கொட்டுக்கு இலக்கான பெண் தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதி.’ மலையகச் செய்திகளில் இந்தத் தலைப்பு பழசாவதே இல்லை. ஒரு நாள் பொகவந்தலாவ, இன்னொரு நாள் மஸ்கெலியா. ஊரை மட்டும் மாற்றிப் போடுகிறார்கள். அட்டனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: ஒரே மலை, ஒரே கூடு. முப்பது கொட்டு வாங்கியவர் மருந்து போட்டுக்கொண்டு லயத்துக்குத் திரும்பிவிடுகிறார். இரண்டே கொட்டு வாங்கியவர் மலையை விட்டு இறங்குவதற்குள் மயங்கி விழுகிறார். எப்படி?

நஞ்சின் அளவை வைத்து இதற்கு விடை தேட முடியாது. நூற்றுக்கணக்கில் கொட்டினால் நஞ்சே ஆளைச் சாய்க்கும். தசையும் சிவப்பணுக்களும் சிதைந்து சிறுநீரகம் கெடும், அதில் யாருக்கும் விலக்கில்லை. இரண்டு கொட்டில் விழுகிறவரை வீழ்த்துவது அவருடைய சொந்த உடம்பு.

அதற்கு முன்னேற்பாடு என்றோ நடந்திருக்கும். முன்பொரு தடவை கொட்டியது, வலித்தது, வீங்கியது, மறந்தாயிற்று. ஆனால் சிலருடைய உடம்பு நஞ்சிலுள்ள புரதத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, அதற்கென்றே ஐ.ஜி.ஈ. என்ற பிறபொருளெதிரியைச் செய்துவிடுகிறது. குருதியில் மிதக்கும் ஐ.ஜி.ஈ.க்கு இரண்டு மூன்று நாள்தான் ஆயுள். தோலிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கிற மாஸ்ட் கலங்களின் மேல் ஒட்டிக்கொண்டாலோ வாரக்கணக்கில் நிற்கும். அந்தக் கலங்களுக்குள் ஹிஸ்டமின் அடைத்த நுண்மணிகள் தயாராக இருக்கின்றன.

இப்போது கொழுந்து மடுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நிறைந்த சாக்கு தரையில் கிடக்கிறது. ஒருவர் ஒரு காதைப் பிடித்து இழுத்தால் அசையாது. பக்கத்தில் நிற்பவர் மறுகாதைப் பிடித்தால்தான் லொறியில் ஏறும். நஞ்சுப் புரதம்தான் சாக்கு. அருகருகே நிற்கும் இரண்டு ஐ.ஜி.ஈ. ஒரே புரதத்தை ஆளுக்கொரு பக்கம் பிடிக்க வேண்டும். ஒன்று மட்டும் பிடித்தால் கலம் திரும்பிக்கூடப் பார்க்காது. ஜோடிகள் சேர்ந்துவிட்டாலோ, சில நிமிடங்களுக்குள் மணிகள் வெளியே. ஒற்றைக் காதுச் சாக்கு எத்தனை வந்து விழுந்தாலும் பயமில்லை. கலத்தின் மேல் மகரந்தத்துக்கும் இறாலுக்கும் பெயர் பதிந்த ஆட்களே நெருக்கியடித்து நின்றால், நம் சாக்குக்கு ஜோடி அமைவது கஷ்டம். கொட்டு வாங்கிப் பழகிய தேனீ வளர்ப்பவர்கள் பலரிடம் ஐ.ஜி.ஜி. 4 என்றொரு கூட்டமும் உண்டு. அது மடுவத்துக்கு வரும் வழியிலேயே சாக்கை மடக்கிப் பிடித்துக்கொண்டு தர மறுக்கும். லொறி வெறுமனே நிற்கும். இதற்கு மேலும் இழுத்தால் கணக்கப்பிள்ளை சண்டைக்கு வந்துவிடுவார்.

வரலாறு கேட்பவர்களுக்காக: கடற்சாமந்தி நஞ்சை நாய்களுக்கு ஏற்றிய பிரெஞ்சுக்காரர்கள் ரிஷேயும் போர்ட்டியேயும், முதல் ஊசியைத் தாங்கிய நாய் சில வாரம் கழித்துக் கொடுத்த சிறு அளவில் செத்ததை 1902இல் அறிவித்தார்கள். ரிஷேக்கு 1913இல் நோபல் கிடைத்தது. எனக்குப் பிடித்தது பிந்திய கதை. பூச்சியை முழுசாக அரைத்து எடுத்த சாற்றை ஊசியாகப் போடுவதுதான் பல ஆண்டுகள் மேற்கில் கொட்டு அலர்ஜிக்குச் சிகிச்சை. 1978இல் ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்தச் சாறும் வெற்று ஊசியும் ஒன்றுதான் என்று தெரிந்தது. தூய நஞ்சைச் சிறுகச் சிறுகக் கொடுத்தபோதுதான் பலன் கிடைத்தது.

சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது என்பது இன்றைக்கும் பொருந்தும். ‘ஒரு துளி இரத்தத்தில் நூறு அலர்ஜி’ என்று விளம்பரம் வந்தால் பணப்பையைப் பொத்திக்கொள்ளுங்கள். அந்தச் சோதனை தேடும் ஐ.ஜி.ஈ. இருப்பவர் எல்லோரும் மயங்கி விழுவதில்லை. முன்பு கொட்டியபோது உடம்பெங்கும் தடித்ததா, மூச்சு இறுகியதா என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் அந்த அறிக்கை வெறும் காகிதம். கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவுவதும் அப்படித்தான். நஞ்சு தோலுக்கு அடியில் போய்விட்டது. நாம் குளவி என்று சொல்வது பல நேரம் பாறையில் அடை கட்டும் மலைத்தேனீ. அது விட்டுச்செல்லும் கொடுக்கின் நஞ்சுப்பை தோலில் நின்றபடியே துடித்துத் துடித்து நஞ்சை இறக்கும்; பெரும்பகுதி அரை நிமிடத்துக்குள் இறங்கிவிடும். நகத்தால் கிள்ளியோ வழித்தோ, எப்படியாவது உடனே எடுங்கள். உண்மையான குளவி கொடுக்கை விட்டுவைக்காது.

மாஸ்ட் கலங்கள் தம் மணிகளை வெளியே விட்டதும் குருதி நாளங்கள் தளர்ந்து ஒழுகத் தொடங்கும். நிலைமை கடுமையானால் பத்து நிமிடத்துக்குள் குருதிக் கனவளவில் மூன்றில் ஒரு பங்குவரை வெளியே கசிந்துவிடலாம். அலர்ஜி மாத்திரை அரிப்பைத்தான் குறைக்கும். நாளத்தை இறுக்கி, மூச்சுக்குழாயைத் திறந்து, மாஸ்ட் கலத்தையும் அடக்குவது அட்ரினலின். பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில், பயிற்சி பெற்றவர் கையால். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இன்னொன்று. இதைப் பேனா வடிவில் அடைத்து, அமெரிக்காவில் 2016இல் ஜோடி 600 டொலர்வரை விலை வைத்துப் பெரிய சண்டையானது. மருந்தென்னவோ மலிவான பழைய மருந்துதான்.

நம் மலைகளில் நடக்கும் தப்பு வேறு. மயங்கியவரை ஓட்டோவில் இரண்டு பேருக்கு நடுவே நிமிர்த்தி உட்காரவைத்து டிக்கோயா வைத்தியசாலைக்கு ஓடுகிறோம். கசிந்து குறைந்த குருதி காலில் தங்கிவிடும்; இதயத்துக்குத் திரும்பாது. அந்த ஒரு நிமிர்விலேயே உயிர் போகலாம். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். வேன் வரும்வரை மலையிலேயே கிடந்தாலும் சரி. மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து இருக்கலாம், எழுந்து நிற்கக் கூடாது. தேறிய பிறகும் சில மணி நேரம் கழித்து அதே மயக்கமும் திணறலும் இன்னொரு தடவை வரக்கூடும் என்பதால் வைத்தியர் போகச் சொல்லும்வரை வார்டை விட்டு வராதீர்கள்.

அட்ரினலின் அம்பியூல் விரல் நீளம்தான். வெளிச்சம் ஆகாது, சூடும் ஆகாது. உள்ளே தண்ணீர்போலத் தெளிவாக இருக்க வேண்டிய மருந்து இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் உதவாது. அடுத்த முறை தோட்ட டிஸ்பென்சரிக்குப் போகும்போது, அது எத்தனை இருக்கிறது, திகதி முடிந்துவிட்டதா என்று கேட்டுப் பாருங்கள்.