சுவரில் நின்ற கோடும் டெல்லியில் நின்ற அறிக்கையும்: அடையாறு வெள்ளத்துக்கு யார் பதில் சொன்னது?

எதிர்வீட்டு அக்கா பொங்கலுக்குப் பொங்கல் வீட்டுக்கு வெள்ளையடிப்பார். ஆனால், மாடிப்படிக்குக் கீழே ஒரு முழம் சுவரை மட்டும் தொடக் கூடாது என்று பெயின்டரிடம் சொல்லிவிடுவார். அங்கே என் நெஞ்சு உயரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு இருக்கிறது. 2015 டிசம்பர் 2-ம் தேதி காலையில் தண்ணீர் நின்ற உயரம் அது.

மேற்குத் தாம்பரத்திலும் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் இப்படிக் கோடு இல்லாத பழைய வீடு குறைவு. அன்று காலை எட்டரை மணி வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. நவம்பர் நடுவில் ஒருமுறை மூழ்கி, சேற்றை வழித்துப் போட்டு, நனைந்த மெத்தையை மொட்டை மாடியில் காயப்போட்டு முடித்த இரண்டே வாரத்தில் இது.

இந்தப் பொங்கலுக்கு அக்கா அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்டார்: "ஏன் தம்பி, அன்னிக்கு ஏன் அவ்ளோ தண்ணி வந்துச்சுன்னு கவர்ன்மென்ட்டுல யாராச்சும் விசாரிச்சாங்களா?"

"விசாரிச்சாங்கக்கா. ரெண்டு அறிக்கை இருக்கு."

"எனக்கு யாரும் குடுக்கலையே!"

அக்கா ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கோப்பு என்றால் என்ன, அது எங்கே தூங்கும் என்று அவருக்குத் தெரியும். அவருக்கே தெரியவில்லை என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்? அவருக்காகத்தான் அந்த இரண்டு அறிக்கைகளையும் தேடிப் படித்தேன்.

முதல் அறிக்கை டெல்லியிலிருந்து

நாடாளுமன்றம் என்றதும் டி.வி-யில் பார்க்கும் கூச்சல்தான் நினைவுக்கு வருகிறது. உருப்படியான வேலை பெரும்பாலும் கேமரா இல்லாத அறைகளில், நிலைக்குழுக்களில் நடக்கிறது. துறைவாரியாக 24 குழுக்கள். ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். எல்லாக் கட்சியினரும் இருப்பார்கள். அதிகாரிகளை வரவழைத்துக் கேள்வி கேட்பார்கள். கூட்டம் மூடிய அறையில் நடப்பதால் மேஜையைத் தட்டிக் கைத்தட்டல் வாங்க முடியாது. அதனாலேயே கொஞ்சம் வேலை நடக்கிறது என்று நினைக்கிறேன்.

அப்படி ஒன்றுதான் உள்துறை விவகாரங்களுக்கான நிலைக்குழு. மாநிலங்களவை உறுப்பினர் பிரதீப் பட்டாச்சார்யா தலைமையிலான அந்தக் குழு, சென்னை வெள்ளத்தை மட்டுமே எடுத்துக்கொண்டு ஓர் அறிக்கை தயாரித்தது. 2016 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அதன் 198-வது அறிக்கை அது. ஏரிகளிலும் ஆற்றுப் படுகைகளிலும் நடந்த ஆக்கிரமிப்புகளுக்கு வெள்ளத்தில் பெரும் பங்கு இருக்கிறது என்று அது சொன்னது. மழை மேல் மட்டும் பழி போட்டு முடித்துவிடவில்லை.

இரண்டாவது அறிக்கை, இரண்டரை ஆண்டு கழித்து

இன்னொன்று சி.ஏ.ஜி. எனப்படும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை. சென்னையிலும் புறநகரிலும் வெள்ள மேலாண்மை எப்படி நடந்தது என்பதை ஆராய்ந்தது அது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து தொடர்ந்து 21 மணி நேரம் வினாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டதைக் கடுமையாகக் குறை சொன்னது. ஏரியை முழுக் கொள்ளளவான 3,645 மில்லியன் கன அடி வரை நிரப்பியிருந்தால், இன்னும் சில மணி நேரத்துக்குக் குறைவாகத் திறந்து சமாளித்திருக்கலாம் என்பது அதன் வாதம். மனிதர்களால் உண்டான பேரிடர் என்ற முடிவுக்கு அது வந்தது. விதிமுறைப்படிதான் நீர் திறக்கப்பட்டது என்று மாநில அரசு 2015 டிசம்பரிலேயே விளக்கம் சொல்லியிருந்தது. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இந்த அறிக்கையின் எண், 2017-ம் ஆண்டின் 4. சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட நாள், 2018 ஜூலை 9.

எண்ணில் ஒரு வருடம், மேஜைக்கு வந்தது வேறொரு வருடம். இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. தணிக்கை அறிக்கையை ஆளுநர் சட்டமன்றத்தில் வைக்கச் செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 151-வது பிரிவு சொல்கிறது. 'இத்தனை நாளுக்குள்' என்று சொல்லவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் பல மாநிலங்களில் தணிக்கை அறிக்கைகள் மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கின்றன. மேஜைக்கு வரும் வரை அதை யாரும் படிக்க முடியாது, கேள்வி கேட்கவும் முடியாது.

நடுவில் ஒரு தேதி இருக்கிறது. 2016 மே 16, தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தல். வெள்ளம் வந்து ஐந்தரை மாதத்தில் தாம்பரம்வாசிகள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். அப்போது இந்த இரண்டு அறிக்கைகளில் ஒன்றுகூட அவர்கள் கையில் இல்லை. எந்தக் கட்சி ஜெயித்திருக்க வேண்டும் என்ற பேச்சுக்கே நான் வரவில்லை. மார்க் ஷீட் வருவதற்கு முன்பே அட்மிஷன் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒரே ஆறு, இரண்டு வெள்ளம்

இதையெல்லாம் சொன்னதும் அக்கா, "அப்போ செம்பரம்பாக்கத்தைத் தொறந்துதான் நம்ம வீட்டுக்குள்ள விட்டாங்களா?" என்றார். பத்து வருடமாக இந்தப் பகுதி டீக்கடைகளில் பேசப்படுவதும் இதுதான். ஆனால், கொஞ்சம் வரைபடத்தைப் பாருங்கள்.

அடையாறு செம்பரம்பாக்கத்தில் பிறக்கவில்லை. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் சேர்ந்து ஆறாகி, வரதராஜபுரம், முடிச்சூர் வழியாக வருகிறது. செம்பரம்பாக்கத்தின் உபரிக் கால்வாய் அதில் வந்து சேரும் இடம் திருநீர்மலைக்கு அருகே. அதாவது, முடிச்சூரைத் தாண்டிய பிறகு. ஆக, அனகாபுத்தூரிலும் மணப்பாக்கத்திலும் ஜாபர்கான்பேட்டையிலும் சைதாப்பேட்டையிலும் புகுந்த தண்ணீருக்கும், எங்கள் அக்கா வீட்டுச் சுவரில் கோடு போட்ட தண்ணீருக்கும் கதை வேறு. அங்கே மதகு பற்றிய கேள்வி முதலில் வரும். இங்கே முதலில் கேட்க வேண்டியது, மேலே இருக்கிற சின்னச் சின்ன ஏரிகளும் வரத்துக் கால்வாய்களும் என்ன ஆயின, ஆற்றின் அகலத்தை யார் தின்றார்கள் என்பது.

தப்பான ஆளைப் பத்து வருடம் திட்டிக்கொண்டிருந்தால் சரியான ஆளுக்கு எவ்வளவு நிம்மதி, யோசித்துப் பாருங்கள். 29,000 கன அடி பற்றிக் கோபப்பட முடிச்சூர்க்காரருக்கும் உரிமை உண்டு. ஆனால், அவர் வீட்டுக்கான பதில் ஆக்கிரமிப்பு பற்றிச் சொன்ன முதல் அறிக்கைக்குத்தான் அருகில் இருக்கிறது. அந்த அறிக்கை வந்தது ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். டீக்கடை வரைக்கும் அது வராததில் ஆச்சரியம் என்ன?

2015-க்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லவில்லை. ஆற்றை அகலப்படுத்தினார்கள், மூடுகால்வாய்கள் கட்டினார்கள். ஆனாலும் 2021 நவம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வரதராஜபுரம், முடிச்சூர் பக்கம் மறுபடியும் தண்ணீர் நின்றது. நிலைக்குழுவின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தாது, அவை ஆலோசனை மட்டுமே. அவற்றை உயிரோடு வைத்திருக்க ஒரே வழி, யாராவது திரும்பத் திரும்ப 'என்ன ஆயிற்று?' என்று கேட்பது.

இரண்டாவது கேள்வியின் பலம்

திரும்பக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்சென்னைக்கே ஒரு பழைய கதை உண்டு. 1957-ல் இந்தத் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனவர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. நேருவின் நிதியமைச்சர். அந்த வருடம், அரசுடைமையாகி ஒரு வருடம்கூட ஆகாத எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. செப்டம்பரில் மக்களவையில் இதுபற்றிக் கேள்வி எழுந்தபோது மழுப்பலான பதில்தான் வந்தது. டிசம்பரில் பெரோஸ் காந்தி விடாமல் பிடித்துக்கொண்டார். அவர் எதிர்க்கட்சி இல்லை. ஆளுங்கட்சி எம்.பி., பிரதமரின் மருமகன் வேறு! நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார்.

இன்று ஓர் எம்.பி. கேள்வி கேட்க 15 நாள் முன்பே எழுதித் தர வேண்டும். கேள்வி 150 வார்த்தைக்குள் இருக்க வேண்டும். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்வார், துணைக் கேள்வி கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு இப்படி 20 கேள்விகள்தான் பட்டியலில் இடம்பெறும். கேள்வி நேரம் ஒரே மணி நேரம் என்பதால் ஐந்தாறு தேறினாலே பெரிது. குறியிடாத கேள்விகள் 230. அவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். துணைக் கேள்வி கிடையாது. ஆனால், எழுத்தில் வந்த பதில் எங்கும் போகாது. 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே நிறுத்தியபோதும் இந்த எழுத்துப் பதில்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

அலுவலகத்துக்கு அலைந்தவர்களுக்கெல்லாம் பழகிய ஒரு வாசகம் உண்டு: 'பரிசீலனையில் உள்ளது.' அமைச்சர் அவையில் இதைச் சொன்னால் அது வெறும் சால்ஜாப்பு ஆகிவிடாது, உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது' என்றாலும் அப்படித்தான். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறைவேறியதா என்று துரத்துவதற்கென்றே 1953 முதல் மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. நம் சட்டமன்றத்திலும் அதே பெயரில் ஒரு குழு உண்டு.

இது தெரிந்தபோது அக்காவுக்கு வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! "முப்பது வருஷம் இதே வரியை டைப் அடிச்சிருக்கேன் தம்பி. இதுக்குக் கணக்கு வெக்கிற ஆளும் இருக்கானா?"

உங்கள் போனில்

சன்சத்.இன் என்ற நாடாளுமன்ற இணையதளத்தில் உங்கள் எம்.பி-யின் பெயரைத் தட்டினால் அவர் என்ன கேட்டார், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்பது தேதிவாரியாக வரும். தாம்பரம், பல்லாவரம், ஆலந்தூர் எல்லாம் ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதி. வேளச்சேரி, சோழிங்கநல்லூர் என்றால் தென்சென்னை. கூடுவாஞ்சேரி பக்கம் இருப்பவர்களுக்குக் காஞ்சிபுரம். முதலில் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் தங்கள் எம்.பி. தென்சென்னைக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. தெருக் கால்வாயையும் குப்பையையும் பற்றி எம்.பி. டெல்லியில் கேட்க முடியாது. அது மாநிலத்தின் பொறுப்பு. எம்.எல்.ஏ-வையும் உள்ளாட்சி உறுப்பினரையும்தான் பிடிக்க வேண்டும். ரயில்வே, தேசிய நெடுஞ்சாலை, விமான நிலையம், பேரிடர் நிதி ஆகியவை எம்.பி-யின் எல்லைக்குள் வரும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லையே, அந்த மாதிரிக் கேள்விகள்.

அடையாற்றைப் பற்றி டெல்லியில் கேட்க ஏதாவது வழி இருக்கிறதா என்று நானும் அக்காவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து யோசித்தோம். இருந்தது. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை, பாலம் கட்டி அடையாற்றைக் கடக்கிறது. 2015 வெள்ளத்தில் நிலையமே டிசம்பர் 1 இரவு முதல் 6 வரை மூடப்பட்டது. 2023 மிக்ஜாமிலும் ஓடுபாதையில் தண்ணீர் நின்று மூட வேண்டி வந்தது. விமான நிலையம் மத்திய அரசுடையது. ஆகவே கேட்கலாம்.

எம்.பி. அலுவலகத்துக்கு அனுப்ப நான் ஒரு கேள்வியை எழுதி வாசித்தேன்: 'ஓடுபாதைப் பாலத்தின் கீழ் அடையாற்றின் நீர் தடையின்றிச் செல்ல அரசு நடவடிக்கை எடுக்குமா?'

அக்கா கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டார். "எடுக்குமான்னு கேட்டா, எடுக்கும்னு ஒரு வரியில எழுதி அனுப்பிச்சுடுவான் தம்பி. எந்தத் தேதியில ஆய்வு பண்ணீங்க, பாலத்துக்குக் கீழ எத்தனை கன அடி போகும், ஆய்வு அறிக்கையோட நகல் எங்கன்னு கேளு."

மூன்று கேள்வியும் சேர்த்து இருபது வார்த்தைகூட ஆகவில்லை. மிச்சமிருந்த இடத்தில் 198-வது அறிக்கையின் எண்ணையும் எழுதச் சொன்னார்.