பாதி ஏறிய ஷட்டருக்கு உள்ளே

ஷட்டர் பாதிதான் ஏறியிருக்கிறது. குனிந்து வாருங்கள், தலை பத்திரம்! வாசலில் பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. கலிபோர்னியாவின் தென்கோடி, சான் டியேகோ மாவட்டத்தின் வடபகுதி, கடலைவிட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒட்டி ஒட்டி நிற்கும் கொட்டகைகளில் இது ஒன்று. இடப்பக்கம் காருக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். வலப்பக்கம் கடலில் சறுக்கும் பலகைகளுக்கு ரெசின் பூசுகிறார்கள். அந்த இரண்டு நெடியும் சுவர் தாண்டி வந்து உள்ளேயிருக்கும் கூலன்ட் வாசனையோடு சேர்ந்துகொள்கின்றன. இப்படியோர் இடத்துக்குள் என்னை விட்டார்களே என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இங்கே பிறப்பது பேஸ்பிளேட். லாங்போர்டு என்னும் நீண்ட ஸ்கேட்போர்டின் அடியில், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டு டிரக்குகள் இருக்கும். சக்கரமும் அச்சும் தாங்கும் பகுதி ஹேங்கர். அந்த ஹேங்கரைப் பிடித்துக்கொண்டு மரப்பலகையோடு திருகி இறுக்கப்படும் பகுதிதான் பேஸ்பிளேட். உள்ளங்கையில் அடங்கிவிடும். கடையில் பலகை வாங்குகிறவர் ஓவியத்தைப் பார்ப்பார், சக்கரத்தின் நிறத்தைப் பார்ப்பார், இதைப் பார்க்கவே மாட்டார். இங்கேயோ இரண்டு பேர் இதற்காகவே தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பார்த்துக் கால் வையுங்கள். தரையில் சக்கரங்கள் உருண்டு கிடக்கின்றன. மேசையில் காபிக் கோப்பை இருக்கிறது, உள்ளே டிரில் பிட்டுகள். தொங்கும் ஹெல்மெட்டுக்குள் ஆலன் சாவிகள். சுவரில் பென்சிலால் கிறுக்கிய கோணங்கள்: 50, 44, 35, 20. மூலையில் ஓர் அட்டைப்பெட்டி நிறைய விரிசல் விட்டதும் கோணிப்போனதுமாக அலுமினியத் துண்டுகள். அதன்மேல் மார்க்கரில் கொட்டை எழுத்து: "அவசரப்பட்டவை". எழுதியவர் மில்லிங் மெஷினின் சொந்தக்காரரான பெரியவர். யாரைப் பற்றி எழுதினார் என்று கணினி முன்னால் இருக்கும் இளைஞரைக் கேட்டால், "என்னைத்தான், வேற யாரு?" என்று சிரிக்கிறார்.

அந்த இளைஞர்தான் வடிவமைப்பாளர். கால்சட்டை முழங்காலில் கிழிந்திருக்கிறது, முழங்கையில் ஆறிக்கொண்டிருக்கும் சிராய்ப்பு. தான் வரைந்ததைத் தானே ஓட்டிப் பார்க்கிறவர்! கோணம் என்றால் என்ன என்று கேட்டதும் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, தரையில் ஒரு பலகையை வைத்து என்னையே ஏற்றி நிற்கவைத்தார். "இப்போ ஒரு பக்கமா சாயுங்க." சாய்ந்தேன். முன்சக்கரங்கள் இரண்டும் சட்டென்று திரும்பின. பின்சக்கரங்கள் அசைந்தும் அசையாமலும் நின்றன. முன்னால் இருக்கும் பேஸ்பிளேட்டின் கோணம் 50 டிகிரி, பின்னால் 20. கோணம் கூடினால், அதே சாய்வுக்குச் சக்கரம் கூடுதலாகத் திரும்பும். 50-க்குப் பக்கத்தில் 20-ஐ வைத்தால், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் திரும்புகிறது.

எதற்கு இந்த ஓரவஞ்சனை? மலைச்சாலையில் வேகம் ஏறும்போது பலகை இடமும் வலமுமாக உதறத் தொடங்கும். அதற்கு ஸ்பீட் வாபிள் என்று பெயர், ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே வயிறு கலங்கும். பின் டிரக் அதிகம் திரும்பாமல் அடங்கிக் கிடந்தால் அந்த உதறலும் அடங்கும். 2017-ல் பீட் கானலி என்ற பிரிட்டிஷ்காரர் கனடாவின் கியூபெக்கில் உள்ள லே ஸெபுல்மான் என்ற ஊரின் சரிவில் மணிக்கு 146.73 கிலோமீட்டர் வேகத்தில் நின்றபடியே இறங்கியதைக் கின்னஸ் பதிவு செய்திருக்கிறது. நம் ஊர் நாற்கரச் சாலையில் காரே அந்த வேகத்தில் போகக் கூடாது. இனிமேல் பேஸ்பிளேட்டைச் சும்மா ஒரு தகடு என்று என்னால் சொல்ல முடியாது.

இன்றைய வேலை ஒரு பெண்ணுக்கானது. மலைச்சாலைகளில் இறங்குகிறவர், உயரம் குறைவு, எடையும் குறைவு. கடையில் கிடைக்கும் பின் பேஸ்பிளேட் எதுவும் அவருக்கு ஒத்துவரவில்லை. பலகையிலோ துளைகள் பழைய அளவில் இருக்கின்றன. நீளவாக்கில் துளைகளுக்கு இடையே 2.5 அங்குலம் என்பது பழைய வழக்கம், 2.125 அங்குலம் என்பது புதியது. அதனால்தான் பல லாங்போர்டு பேஸ்பிளேட்டுகளில் நான்கு போதும் என்ற இடத்தில் ஆறு துளைகள். எந்தப் பலகைக்கும் பொருந்த வேண்டுமே! இவருக்கு நான்கே போதும், எடையும் குறையும் என்று இளைஞர் திரையில் இரண்டு துளைகளை அழித்தபோது அவர் முகத்தில் அப்படியொரு திருப்தி.

இப்போது வரப்போவதுதான் எனக்கு இந்தக் கொட்டகையிலேயே அதிகம் பிடித்த காட்சி. உலோகத்தை வெட்டுமுன் பிளாஸ்டிக்கில் ஒன்று அச்சிட்டுப் பார்ப்பார்கள். இரவெல்லாம் பிரின்டர் ஓடி, காலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பேஸ்பிளேட் தயார். ஹேங்கர் உட்கார்ந்தது. சாய்வுக்கு மெத்தையாகும் புஷிங் உட்கார்ந்தது. கோணம் அச்சாகச் சரி. இளைஞர் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்தார், ஹேங்கரைப் பேஸ்பிளேட்டோடு கோக்கும் கிங்பின் போல்ட்டின் தலையில் மாட்டப் பார்த்தார். ஸ்பானர் நுழையவில்லை! பக்கச்சுவர் அத்தனை நெருக்கம். போல்ட் தேய்ந்தால் கழற்றவே வழியில்லை.

ஐந்து நொடி அமைதி. அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "கணினிக்குக் கை இல்லை, பாரு" என்றார் பெரியவர். இளைஞர் அப்போதே உட்கார்ந்து சுவரைச் சில மில்லிமீட்டர் சீவினார். திரையில் எத்தனை முறை சுற்றிப் பார்த்தாலும் தெரியாத ஒன்றைச் சட்டைப் பையிலிருந்த ஸ்பானர் சொல்லிவிட்டது.

வெட்டும் நேரம் வந்தது. காதுக்கு அடைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி. போட்டுக்கொண்டீர்களா? 6061-டி6 என்ற அலுமினியக் கலவை, நீளக் கட்டையாக வந்திருக்கிறது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பேஸ்பிளேட்டுகளில் பெரும்பாலானவை உருக்கி அச்சில் ஊற்றியவை. இவர்கள் கட்டையைக் குடைந்தே எடுக்கிறார்கள். ரம்பம் ஒரு துண்டை அறுத்துத் தள்ளியது. அது வைஸுக்குள் போனது. கதவு மூடியது. வெள்ளைக் கூலன்ட் பீய்ச்சியடிக்க, கட்டர் இறங்கியது.

பெரியவர் திரையைப் பார்ப்பதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்கிறார். ஒரே சீராக ஓடிய ரீங்காரம் ஓரிடத்தில் லேசாகக் கிறீச்சிட்டதும் அவர் விரல் பொத்தானுக்குப் போய்விட்டது. துண்டு ஒரு முடியளவு நகர்ந்திருக்கிறதாம். சாய்வான முகம் இருப்பதால் இதை நேராகப் பிடிக்க முடியாது. அதன் உருவத்துக்கே குடைந்த தாடைகளை வைஸில் பொருத்தித்தான் பிடிக்க வேண்டும். கதவைத் திறந்தால் அலுமினியச் சீவல்கள் கோயில் வாசலில் கொட்டிய பொரி மாதிரி குவிந்து கிடக்கின்றன. தலைமுடியில், காலுறையில், இளைஞர் தின்றுகொண்டிருந்த ரொட்டியின் உறையில், எங்கும் அவைதான். ஏசி கிடையாது. இருக்கும் ஒரே மின்விசிறியும் மெஷினைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. மனிதர்கள் வியர்த்தால் பரவாயில்லை என்பது இங்கே எழுதாத சட்டம்.

வெளியே வந்த துண்டை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். சூடாக இருந்தது, பளபளவென்று இருந்தது. திருப்பிப் பார்த்ததும் அசந்துபோனேன். அடிப்பக்கத்தில் எடையைக் குறைக்க வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றின் மூலையும் உருண்டு திரண்டு, கட்டர் ஓடிய தடம் வட்ட வட்டமாக. மரத்தோடு ஒட்டி மறைந்தே போகும் பக்கம் இது! அதற்கு ஏன் இத்தனை அழகு என்று கேட்டேன். இளைஞருக்குக் கேள்வியே புரியவில்லை. "அதுவும் பேஸ்பிளேட்தானே?" என்றார்.

பிறகு அரம். ஓரத்துப் பிசிறுகளைக் கையாலேயே எடுக்கிறார்கள், விளிம்பில் கட்டைவிரலை ஓட்டி ஓட்டி. ஹேங்கரின் மூக்கு வந்து உட்காரும் குழிக்குள் ஒரு சின்ன யூரித்தேன் கிண்ணத்தை அழுத்தி இறக்கினார்கள். 'பொக்' என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் வந்தால்தான் சரியாம். இன்னொரு தடவை செய்து காட்டச் சொல்லிக் கேட்டே வாங்கினேன்.

மேசையில் காகிதங்கள் பறக்காமல் இருக்கப் பெரியவர் வைத்திருப்பது ஒரு பழைய டிராக்கர் டிரக். 1975-ல் இதே வட்டாரத்தில்தான் டிராக்கர் நிறுவனம் தொடங்கியது. அதற்குக் கொஞ்சம் முன்னால், இங்கிருந்து அதிக தூரமில்லாத என்சினிடாஸில்தான் பிராங்க் நாஸ்வொர்தி யூரித்தேன் சக்கரங்களை விற்கத் தொடங்கினார். அதுவரை களிமண் கலவைச் சக்கரங்கள், சின்னக் கல் தட்டினாலே ஆள் குப்புற விழுவார். சாய்ந்தால் திரும்பும் இந்த வித்தையோ அதைவிடப் பழையது. 1863-ல் ஜேம்ஸ் பிளிம்ப்டன் தன் உருளைக் காலணிக்குக் காப்புரிமை வாங்கியபோதே அது இருந்தது. பெரியவருக்கு இதெல்லாம் வரலாறு அல்ல, பிள்ளைப் பிராயம். லா கோஸ்டாவில் வீடு கட்டப் போட்டு வீடே வராமல் கிடந்த வழவழப்பான சாலைகளில் அந்த டிரக்கோடு உருண்டவர் அவர். தாடையில் ஒரு தழும்பைக் காட்டி, "இது அங்கே வாங்கினது" என்றார், அத்தனை பெருமையாக.

மாலையில் அந்தப் பெண் வந்தார். நிறமேற்றக்கூடப் பொறுக்கவில்லை, வெறும் அலுமினியத்தையே மாட்டச் சொன்னார். நான்கு திருகுகள், கிங்பின், நட்டு. பெரியவரின் ஸ்பானர் இப்போது வழுக்கிக்கொண்டு நுழைந்தது. கொட்டகைக்குப் பின்னாலிருக்கும் சரிவில் அந்தப் பெண் ஏறிப் போனார். நாங்கள் மூவரும் சாலையோரம் நின்றோம். இளைஞர் நகத்தைக் கடிக்கிறார். பெரியவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டு சக்கரச் சத்தத்தைக் கேட்கிறார்.

சர்ரென்று எங்களைத் தாண்டினார், உடம்பைக் குறுக்கி, பலகை கோடு போட்டதுபோல் நேராக ஓட. கீழே பலகையை அரைவட்டமாகத் திருப்பித் தேய்த்து நிறுத்திவிட்டு ஓடிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு. இளைஞரைக் கட்டிக்கொண்டார், பெரியவரின் தோளில் தட்டினார், யாரென்றே தெரியாத என் கையையும் பிடித்துக் குலுக்கினார். மூச்சு வாங்கியபடி சொன்னார்: "அட்டகாசம்! ஒரு டிகிரி மட்டும் குறைச்சா?"

"ஒண்ணா, ரெண்டா?" என்றார் பெரியவர். இளைஞர் அதற்குள் ஷட்டருக்குக் கீழே குனிந்துவிட்டார்.