கண்முன் வளரும் புற்றுநோய்

இந்திய ஆண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய், வாய்ப் புற்றுநோய். 2022-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஓராண்டில் மட்டும் சுமார் 1.43 லட்சம் பேர் உதடு, வாய்ப் புற்றுநோய்க்கு ஆளானார்கள். ஏறத்தாழ 80,000 பேர் உயிரிழந்தார்கள். உடலுக்குள் ஆழத்தில் மறைந்து வளரும் நோயன்று இது. வாயைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தோன்றுவது. ஆயினும், நோயாளிகளில் பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருகின்றனர்.

இந்த முரணுக்கு விடையாக ஆய்வுலகம் முன்வைப்பது 'குறிப்பான்'களை. உயிரணு புற்றாக மாறும்போது அதன் மரபணுக்களிலும் அது உருவாக்கும் புரதங்களிலும் மாற்றங்கள் நிகழ்கின்றன. அவற்றின் சுவடுகள் உமிழ்நீரில் கலக்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் வாங் குழுவினர் 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உமிழ்நீரில் உள்ள சில ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளைச் சேர்த்து அளந்தால், நோயாளிகளையும் நோயற்றவர்களையும் 91 சதவீதம் சரியாக இனங்காண முடிகிறது என்பதே அதன் முடிவு. ஊசி இல்லை, வலி இல்லை, சிறிது உமிழ்நீர் போதும் என்பது ஈர்ப்புடைய செய்திதான்.

வாய்நோய்க் கூறியலைக் கற்பிப்பவன் என்ற முறையில் இத்தகைய ஆய்வுகளை நான் ஆவலுடன் படிக்கிறேன். மாணவர்களுக்கு அவற்றை விளக்கும்போது ஓர் எளிய கணக்கையும் சேர்த்தே சொல்கிறேன். 10,000 பேர் வாழும் ஓர் ஊரில் 10 பேருக்கு வாய்ப் புற்றுநோய் இருப்பதாகக் கொள்வோம். 91 சதவீதத் துல்லியம் கொண்ட சோதனை அந்தப் பத்துப் பேரில் ஒன்பது பேரைக் கண்டுபிடித்துவிடும். ஆனால், நோயற்ற 9,990 பேரில் 9 சதவீதத்தினரை, அதாவது ஏறத்தாழ 900 பேரை, நோயாளிகள் என்று தவறாகக் காட்டும். அச்சத்துடன் மருத்துவமனைக்கு ஓடும் நூறு பேரில் ஒருவருக்கே உண்மையில் நோய் இருக்கும். அரிதான ஒன்றைப் பெருங்கூட்டத்தில் தேடினால் எந்தச் சோதனைக்கும் நேர்வதே இது. போதாக்குறைக்கு, முக்கியக் குறிப்பான்களில் ஒன்றான இன்டர்லூக்கின்-8 சாதாரண ஈறு அழற்சியாலும் கூடக்கூடியது.

இதற்கு மாறாக, எந்த ஆய்வகமும் தேவைப்படாத ஒரு சோதனையின் பயன் நம் அண்டை மாநிலத்திலேயே நிறுவப்பட்டுள்ளது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வில் 13 ஊராட்சிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 1.9 லட்சம் பேர் இடம்பெற்றனர். மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற பட்டதாரிப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். ஐயத்துக்குரியவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவ்வளவுதான். 2005-இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவுகளின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணங்கள் 34 சதவீதம் குறைந்திருந்தன.

அந்தச் சான்று கிடைத்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. முப்பது வயதைக் கடந்தோருக்கு வாய்ப் பரிசோதனை என்பது தேசியத் திட்டத்திலும் இடம்பெற்றுவிட்டது. ஆனால், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், எப்போதாவது வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் பெண்களில் 0.9 சதவீதத்தினர்; ஆண்களில் 1.2 சதவீதத்தினர். நம்மிடம் குறைவாக இருப்பது கருவியன்று, பார்ப்பதற்கான ஏற்பாடே.

அப்படியானால் குறிப்பான் ஆய்வுகள் வீணா? இல்லை; அவற்றின் இடம் வேறு. பணியாளர் வாயில் ஒரு வெண்படலத்தைக் கண்டுபிடிக்கிறார். அத்தகைய படலங்களில் பெரும்பாலானவை புற்றாக மாறுவதில்லை, சில மாறுகின்றன. எவை மாறும் என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. நுண்ணோக்கியாலும் முழு உறுதியுடன் சொல்ல முடிவதில்லை. மூன்றாம், ஒன்பதாம் குரோமோசோம்களின் குறுங்கைகளில் மரபணுப் பகுதிகள் இழக்கப்பட்டிருந்தால் ஆபத்து மிகுதி என்பதைச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்தத் திசையில்தான் குறிப்பான்கள் உயிர்காக்கும். ஊரையே சலிப்பதற்கு அல்ல, ஐயத்துக்குரியவர்களுள் எவரை உடனே அறுவை சிகிச்சைக்கு அனுப்புவது, எவரைக் கண்காணித்தால் போதும் என்று முடிவு செய்வதற்கே அவை வேண்டும். நம் பல்கலைக்கழக ஆய்வுகளும் மருத்துவமனை வாயிலிலிருந்து எழும் இக்கேள்வியை மையமாகக் கொள்வது நல்லது.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாதவை பல. புகையிலை மட்டுமன்றி, வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிவித்துவிட்டது. விருந்துக்குப் பின் தாம்பூலம் தரிக்கும் நம் சமூகத்துக்கு இச்செய்தி இன்னும் முழுமையாகச் சென்று சேரவில்லை. இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், வழித்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புப் படலம், வாய் திறக்க முடியாத இறுக்கம், காரம் பட்டால் தாங்க முடியாத எரிச்சல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொடக்க நிலையில் சிறிய அறுவை சிகிச்சையால் குணமாகும் நோய், முற்றினால் தாடையையும் நாக்கையும் பறித்த பிறகும் உயிருக்கு உத்தரவாதம் தராது.

ஒரு கைவிளக்கு, பயிற்சி பெற்ற ஒரு பணியாளர், ஆண்டுக்கு ஒருமுறை சில நிமிடங்கள். புகையிலையும் பாக்கும் மெல்லும் ஒவ்வொருவருக்கும் இவை கிடைக்கச் செய்வதே அரசின் முதற்கடமை. நுண்ணிய குறிப்பான்களைத் தேடும் பணி ஆய்வகங்களில் தொடரட்டும். கண்ணுக்கே தெரியும் குறிகளைப் பாராமல் விடுவதற்கு அது காரணமாகிவிடக் கூடாது.