கணக்கு போடத் தெரிகிறது, யோசிக்கத் தெரிகிறதா?

"ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன?"

1970-களின் இறுதியில் பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். இரண்டாம், மூன்றாம் வகுப்பில் படித்த 97 பேரில் 76 பேர், அந்த எண்களை வைத்தே ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். 26-ஐயும் 10-ஐயும் கூட்டினால் 36 என்பது சரியான கூட்டல்தான். ஆனால் ஆடுகளை எண்ணி ஒருவரின் வயதை எப்படிச் சொல்வது என்று அவர்கள் கேட்கவில்லை.

அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். கணக்கு என்றால் கொடுத்த எண்களையெல்லாம் பயன்படுத்த வேண்டும், விடை ஒன்று கட்டாயம் இருக்கும் என்று பழகிவிட்டவர்கள். "மார்க் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு, நம் பிள்ளைகளையும் நாம் அப்படித்தான் பழக்குகிறோம்.

வாழ்க்கையில் வரும் ஒரு பிரச்சினையைக் கணக்காக மாற்றி, விடை கண்டு, அந்த விடை நடைமுறைக்குப் பொருந்துகிறதா என்று திரும்பிப் பார்ப்பதைக் கணித மாதிரியாக்கம் என்கிறார்கள். இந்தத் திறன் பிள்ளையிடம் இருக்கிறதா என்பதை விடைத்தாள் மட்டும் காட்டாது. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

"வலீமாவுக்கு 50 பேர் போக வேண்டும். ஒரு வேனில் 12 பேர் உட்காரலாம். எத்தனை வேன் வேண்டும்?" என்று கேளுங்கள். "4, மீதி 2" என்று சொல்லும் பிள்ளைக்கு வகுத்தல் தெரியும். ஆனால் மீதி இரண்டு பேர் எப்படிப் போவார்கள் என்று அது நினைக்கவில்லை. "5" என்று சொல்லும் பிள்ளை நினைத்திருக்கிறது. "4 வேனும் ஓர் ஆட்டோவும் போதும்" என்று ஒரு பிள்ளை சொன்னால், செலவையும் சேர்த்து யோசித்திருக்கிறது. விடைக்குறிப்பில் 5 என்று மட்டும் இருந்தால், நன்றாக யோசித்த இந்தப் பிள்ளைக்கே தப்பு விழும். இப்படி இரண்டு மூன்று முறை நடந்தால், "எனக்குக் கணக்கு வராது" என்று அது ஒதுங்கிவிடும்.

ஆகவே விடையைக் கேட்டதும் சரி, தவறு என்று முடித்துவிடாமல் நான்கு விஷயங்களைக் கவனிப்போம். கேள்வியைத் தன் சொந்த வார்த்தையில் சொல்ல முடிகிறதா? எந்தத் தகவல் தேவை, எது தேவையில்லை என்று பிரிக்கிறதா? ஏன் கூட்டினாய், ஏன் வகுத்தாய் என்றால் காரணம் சொல்கிறதா? கிடைத்த விடை நடக்கக்கூடியதா என்று பார்க்கிறதா? கணக்கிடுவதில் மட்டும் தடுமாறும் பிள்ளைக்குத் தேவை பயிற்சி. முதல் கேள்வியிலேயே நிற்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் மொழியில்தான் உதவி தேவை. இரண்டுக்கும் ஒரே டியூஷன் மருந்தாகாது.

இது நமக்குப் புதிய விஷயமும் அல்ல. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மீயின் நூற்பெயரில் உள்ள 'அல்ஜப்ர்' என்ற சொல்லிலிருந்துதான் அல்ஜீப்ரா என்ற பெயர் வந்தது. அந்த நூலின் பெரும்பகுதி வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகள். வாரிசுகள் யார், கடன் எவ்வளவு, வஸிய்யத் உண்டா என்று முதலில் கேட்காமல் அங்கே ஒரு எண்ணையும் எழுத முடியாது.

ஜகாத் கணக்கிடும்போதும், நோன்புக் கஞ்சிக்கு அரிசி அளக்கும்போதும் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வோம். அவர்கள் சொல்லும் விடைக்குப் பிறகு, "எப்படிச் சொல்கிறாய்?" என்று ஒருமுறை கேட்போம். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக!