நினைவிலிருந்து கட்டிய அடுக்களை

12-ஆம் நூற்றாண்டுச் சீன ஓவியர் ஜாங் ஸெதுவான் ஓர் ஆற்றங்கரை நகரை ஐந்து மீட்டருக்குச் சற்று அதிகமான நீளமுள்ள பட்டுச் சுருளில் தீட்டினார். 2010 ஷாங்காய் உலகக் கண்காட்சிக்காக அதைக் கணினியில் அசையவைத்து, 100 மீட்டருக்கும் மேல் நீண்ட திரையில் காட்டினார்கள். படகுகள் நகர்ந்தன, இரவில் விளக்குகள் எரிந்தன. மறு ஆண்டு அது சிங்கப்பூருக்கும் வந்தது.

அது அருங்காட்சியகத்துச் செல்வம். வீட்டு அடுக்களையிலிருந்து பிறந்த கலையோ இன்னும் ஆழமாகத் தொடுகிறது. அதற்குச் சிறந்த சான்று, டோமி ஷீ இயக்கிய ‘பாவோ’ என்ற எட்டு நிமிட அனிமேஷன் படம். 2018-இல் பிக்ஸார் வெளியிட்ட இந்தப் படம் 2019-இல் ஆஸ்கர் வென்றது. பிக்ஸாரில் குறும்படம் இயக்கிய முதல் பெண் ஷீ. சீனாவின் சோங்சிங்கில் பிறந்து, இரண்டு வயதில் கனடா போய், டொரண்டோவில் வளர்ந்தவர்.

பாவோ என்பது உள்ளே பூரணம் வைத்து ஆவியில் வேகவைக்கும் மாவுப் பண்டம். நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட உறவு. தனிமையில் வாடும் ஒரு தாய் செய்த பாவோ ஒன்று உயிர்பெற்று அழுகிறது. அவள் அதைப் பிள்ளையாக வளர்க்கிறாள். வளர்ந்த பிள்ளை காதலியோடு வீட்டைவிட்டுக் கிளம்பும்போது, தடுக்க வழியில்லாமல் சட்டென்று அதை விழுங்கிவிடுகிறாள். படத்தில் வசனமே கிடையாது. ஷீ வீட்டுக்கு ஒரே பிள்ளை. மகளைத் திரும்ப வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் எங்கே இருக்கிறாள் என்று எப்போதும் தெரியும் என அவர் அம்மா சொல்வதுண்டு. பாசத்தில் சொன்ன அந்தப் பேச்சுதான் படத்தின் அதிர்ச்சியான கட்டமாயிற்று.

கேமராவோடு ஓர் அடுப்படிக்குள் போனால் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தே பதிவாகும். கணினியிலோ எல்லாம் வெறுமையிலிருந்து தொடங்குகிறது. யாராவது ஞாபகம் வைத்திருந்து செய்தாலொழிய ஒரு கரண்டிகூட அங்கே இருக்காது. ‘பாவோ’வின் காட்சி வடிவமைப்பாளர் ரோனா லியுவும் சீனக் குடும்பத்தவர். அடுப்பில் சுற்றிய அலுமினியத் தாள், மேடைமேல் ரைஸ் குக்கர் என்று குடியேறிகளின் வீடு திரையில் உருவானது அவர்களின் ஞாபகத்திலிருந்துதான். ஷீயின் அம்மா இரண்டு முறை ஸ்டூடியோவுக்கு வந்து கலைஞர்களுக்குப் பாவோ செய்யக் கற்றுக்கொடுத்தார். மாவைப் பிசைந்து, வட்டமாகத் தேய்த்து, பூரணத்தை வைத்து, ஓரத்தை மடிப்பு மடிப்பாகச் சுருக்கி மூடும் அந்த விரல்களைக் கூர்ந்து பார்த்துத்தான் திரைத் தாயின் கைகளுக்கு அசைவு கொடுத்தார்கள். விரல் அழுத்தினால் மாவு குழிய வேண்டும், எடுத்ததும் மெல்ல எழும்ப வேண்டும். அது பிசகினால் பார்ப்பவருக்குப் பசிக்காது.

2022 மார்ச்சில் வந்த ‘டர்னிங் ரெட்’ ஷீயின் முதல் முழுநீளப் படம். 2002-ஆம் ஆண்டு டொரண்டோவில், குடும்பக் கோயிலைப் பராமரிக்கும் வீட்டில் வளரும் 13 வயதுப் பெண், உணர்ச்சி மிகும்போதெல்லாம் பெரிய செம்பாண்டாவாக மாறிவிடுகிறாள். முன்னோர் வழியாக வந்த வரம் அது. அவளுடைய நெருங்கிய தோழிகளில் ஒருத்தி பிரியா. டொரண்டோ ஈழத் தமிழர் பெருமளவில் வாழும் நகரமும்கூட. பிரியாவுக்குக் குரல் கொடுத்த மைத்ரேயி ராமகிருஷ்ணன், இலங்கையிலிருந்து கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்துப் பெண்.