ஒளிந்துகொண்ட பேராயர்



இரத்தசாட்சி என்றவுடன், ஆபத்தைக் கண்டு ஓரடியும் விலகாத ஒருவரே நம் நினைவிற்கு வருகிறார். ஆனால் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் பட்டணத்துப் பேராயர் சிப்ரியான், கி.பி. 250-இல் உபத்திரவம் மூண்டபோது ஒளிந்துகொண்டவர். அதை மறைக்க வேண்டியதில்லை என்பதே என் எண்ணம்.

சொற்பொழிவுக் கலையில் பேர்பெற்ற ஆசிரியராயிருந்த அவர், ஏறக்குறைய 246-இல் இரட்சிக்கப்பட்டு, மூன்றாண்டுகளுக்குள் பேராயரானார். அப்பொழுது தேசியஸ் பேரரசன், யாவரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றுச்சீட்டுப் பெறவேண்டுமெனக் கட்டளையிட்டான். அநேக விசுவாசிகள் பலியிட்டனர். சிலர் பணங்கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டனர். (லஞ்சம் நம் நாட்களில் பிறந்ததல்லவே!) சிப்ரியானோ மறைவிடத்திலிருந்து கடிதங்களால் சபையை நடத்தினார். மந்தையை விட்டோடும் கூலியாளைக் குறித்து ரோமாபுரியிலிருந்து வந்த கடிதமொன்றில் குத்தல் இருந்தது. விலகிப்போகக் கர்த்தரே கற்பித்திருக்கிறார் என்பது அவருடைய பதில்.

251-இல் அவர் திரும்பினார். பின்பு கொள்ளைநோய் வந்தது. தெருக்களில் பிணங்கள் கிடந்தன. நம்மவர்களுக்கு மாத்திரமல்ல, நம்மைப் பகைக்கிறவர்களுக்கும் பணிவிடை செய்யுங்கள் என்று சபையாரை ஏவினார். பணமுள்ளோர் பணத்தாலும், ஏழைகள் தங்கள் உழைப்பாலும் உதவினர்.

257-இல் வலேரியன் பேரரசனின் நாட்களில் அவர் குருபிஸ் என்னும் ஊருக்கு நாடுகடத்தப்பட்டார். மறு ஆண்டு திரும்பிவந்து தம் தோட்டவீட்டில் இருக்கையில், ஆளுநர் அவரை ஊத்திக்கா நகருக்குக் கொண்டுவர ஆட்களை அனுப்பினான். சிப்ரியான் மறுபடியும் ஒளிந்துகொண்டார்! ஏன் தெரியுமா? பேராயர் தம் சொந்தச் சபையார் நடுவிலேயே சாட்சி பகரவேண்டும், அந்நிய ஊரில் அல்ல என்று எண்ணினார். ஆளுநர் கார்த்தேஜ் வந்ததும் வெளிப்பட்டார். பிரியமானவர்களே, முதல்முறை ஒளிந்ததும் இரண்டாம்முறை ஒளிந்ததும் ஒரே மந்தைக்காகவே என்று நான் நம்புகிறேன்.

258 செப்டம்பர் 13 இரவு, காவலதிகாரியின் வீட்டில் அவர் வைக்கப்பட்டார். சபையார் தெருவெல்லாம் நிறைந்து விழித்திருந்தனர். அங்கிருந்த இளம்பெண்களுக்குக் காவல் வேண்டுமென்பதே அந்த இரவில் அவருக்கிருந்த கவலை. மறுநாள் மரணத்தீர்ப்பு வாசிக்கப்பட்டபோது தேவனுக்கு நன்றி செலுத்தினார். தம்மை வெட்டப்போகிறவனுக்கு 25 பொற்காசுகள் கொடுக்கும்படி சொல்லி, தம் கண்களைத் தாமே மறைத்துக்கொண்டார். சகோதரர் அவருக்கு முன்பாகத் துணிகளை விரித்தனர்.

அன்றிரவு விசுவாசிகள் தீப்பந்தங்கள் ஏந்தி, ஜெபத்தோடே அவருடைய சரீரத்தை எடுத்துச்சென்று அடக்கம்பண்ணினார்கள்.