இருமுது... எந்திரிக்க மாட்டேங்குது!

சாவியைத் திருப்பினால் செல்ஃப் கிர்ர்ரென்று சுற்றுகிறது. டுப்... டுப் என்று இரண்டு இருமல். இதோ பிடித்துவிட்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்தால் அடங்கிவிடுகிறது. மறுபடி சாவி, மறுபடி இருமல். அடியோடு செத்துப்போன வண்டிகூட இவ்வளவு எரிச்சல் மூட்டாது. இது ஆசை காட்டி ஏமாற்றுகிற ரகம்.

என்னுடையது 1997-ஆம் வருடத்து மாருதி 800, கார்பரேட்டர் வண்டி. அப்பா வாங்கியது என்பதால் விற்க மனம் வராமல் கோவை வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க அதைத் தொடவில்லை. தை பிறந்ததும் ஊருக்குப் போகலாம் என்று கவரை உருவினால் இந்த இருமல்.

முதலில் காட்டிய இடத்தில் பானெட்டைத் திறந்த கையோடு, "பேட்டரி வீக் சார்" என்றார்கள். மாற்றினேன். ப்ளக் மூன்றையும் மாற்றினேன். காயிலையும் மாற்றினேன். புது பேட்டரி கொடுத்த தெம்பில் வண்டி முன்பைவிட உரக்க இருமியது. ஏழாயிரம் ரூபாய் கரைந்த பிறகு, "கார்பரேட்டரையே மாத்திரலாம் சார்" என்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இவர்கள் நோயைத் தேடவில்லை, என் செலவில் ஒவ்வொரு மருந்தாகக் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

கயிறு கட்டி வண்டியை சுந்தராபுரத்தில் ஒரு பெரியவரின் ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கடைசியா ஓட்டறப்ப நல்லா ஓடுச்சுங்களா? எத்தனை நாளா நின்னுச்சு? பெட்ரோல் எப்பப் போட்டீங்க? சாவியைத் திருப்பிப் புடிச்சிருக்கறப்பவே அடங்குதா, கையை விட்டதும் அடங்குதா?"

கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதை நான் கவனித்ததே கிடையாது. செல்ஃப் சுற்றும்வரை பிடித்து, சாவியை விட்ட நொடியில் நிற்கிற வண்டிக்கு இக்னிஷன் சுவிட்சில் கோளாறு இருக்கலாமாம். சாவி பழைய இடத்துக்குத் திரும்பியதும் காயிலுக்குக் கரண்ட் போவதில்லை. அந்த வண்டிக்கு நூறு தடவை கார்பரேட்டரைக் கழுவினாலும் பலன் இருக்காது. அங்கேயே அடித்துப் பார்த்ததில் என்னுடையது அப்படி இல்லை. சாவி திருகியபடி இருக்கும்போதே அடங்கியது.

"இருமற வண்டி பாதி பதிலைச் சொல்லிப்போட்டுதுங்க" என்றார். பெட்ரோல் என்ஜின் ஓட மூன்று வேண்டும். சிலிண்டருக்குள் கம்ப்ரஷன், சரியான நேரத்தில் பொறி, சரியான அளவில் பெட்ரோலும் காற்றும். மூன்றில் ஒன்று அறவே இல்லையென்றால் செல்ஃப் சுற்றும், வேறு சத்தம் வராது. இருமுகிறது என்றால் மூன்றும் எப்போதாவது ஓரிரு நொடி சந்திக்கின்றன. அடிக்கடி வராமல் போகிற ஆள் யார் என்பதுதான் கேள்வி.

ஒரு ப்ளக்கைக் கழற்றி ஒயரில் மாட்டி, என்ஜின் பாடியில் எர்த் ஆகும்படி வைத்து, பையனை செல்ஃப் அடிக்கச் சொன்னார். பட் பட்டென்று நீலப் பொறி. மஞ்சளாக நோஞ்சானாக வந்திருந்தால் காயில், பாயின்ட், ஒயர் பக்கம் போயிருப்பாராம். (ப்ளக்குக்கு ஒரு காயில் வைத்த புது வண்டிகளில் இந்த வித்தையைச் செய்து பார்க்காதீர்கள். எலக்ட்ரானிக்ஸ் போய்விடும்.) அடுத்து கார்பரேட்டர். மிதவை அறையில் சின்னதாக ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. அதற்குள் டார்ச் அடித்தார். மட்டம் கோட்டில் நின்றது. பம்ப் ஏற்றுகிறது, ஃபில்டர் அடைக்கவில்லை.

பிறகு கார்பரேட்டர் வாயில் க்ளீனர் ஸ்ப்ரேயை ஒரு பீய்ச்சு பீய்ச்சி செல்ஃப் அடிக்கச் சொன்னார். என்ஜின் மூன்று நொடி சுத்தமாக ஓடி நின்றது. அந்த மூன்று நொடியில் கம்ப்ரஷன், பொறி, டைமிங் எல்லாம் வழக்கிலிருந்து விடுதலை. வேறு எதை எரித்தாலும் ஓடுகிறது, தன் பெட்ரோலை எரிக்கத்தான் மறுக்கிறது.

கழற்றிய ப்ளக்கின் முனையில் ஈரம் இருந்தது. அதை விரலில் தொட்டு என் பக்கம் நீட்டினார். "பெட்ரோலா இருந்தா ஜில்லுனு காஞ்சிரோணும். பாருங்க, காயல." விரல் நுனியில் ஒரு முத்து அப்படியே உட்கார்ந்திருந்தது.

டேங்க்கின் அடியில் இருக்கும் போல்ட்டைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து ஜன்னலோரம் வைத்தார். அது தெளியட்டும் என்று காத்திருந்த நேரத்தில் புது வண்டிகளைப் பற்றிக் கேட்டேன். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு நொடி ம்ம்ம் என்று பம்ப் முனகவேண்டும். சத்தமில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் பார்க்கவேண்டும். செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள் அசையவே இல்லையென்றால் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம். ஓவர்ஃப்ளோ ஆனால் ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கவேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அப்போது இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திக்கொள்ளும். "ஸ்கேனர்ல ஒரு நம்பர் வந்தா அந்தப் பார்ட்டையே மாத்திப்போடறாங்க. நம்பர் ஊருக்கு வழி சொல்லுமுங்க, வீட்டு நம்பர் சொல்லாது" என்று சிரித்தார். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு மட்டும் சிரிக்காமல் சொன்னார்: செல்ஃப் அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். சென்னைக்காரர்கள் 2015-இல் அதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள்.

பதினைந்து நிமிடம் கழித்து பாட்டிலைப் பார்த்தால் மேலே தெளிந்த பெட்ரோல், கீழே இரண்டு விரல்கடைக்குக் கலங்கலாக வேறொன்று. நடுவே கத்தியால் கீறியதுபோல் கோடு.

நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது போடுவது வெறும் பெட்ரோல் இல்லை. 2022 ஜூனில் நாடு முழுக்க 10 சதவீத எத்தனால் கலப்பை எட்டினார்கள். 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் கலந்த இ20 விற்பனைக்கு வந்தது. எத்தனால் தண்ணீரை விரும்பி இழுத்துக்கொள்ளும் சாதி. ஓரளவுவரை பெட்ரோலோடு சேர்த்துக் கரைத்து வைத்திருக்கும். அளவு மிஞ்சினால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு போய் டேங்க்கின் அடியில் படுத்துவிடும். உறிஞ்சுகுழாய் இருப்பதும் அதே அடியில்தான்.

நான் முழுசாக நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்ததோ என்னவோ, அளவு கோடு போட்ட கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்தார். அன்று காலையில் வாங்கிய பெட்ரோல் 100 மில்லி, குழாய்த் தண்ணீர் 10 மில்லி. மூடிக் குலுக்கி வைத்தார். ஊற்றியது 10 மில்லி தண்ணீர். அடியில் தங்கியதோ 30-ஐ ஒட்டி. மிச்சம் 20 எத்தனால்.

இன்னொன்றும் உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலப்பு மாறினால் புது வண்டியின் ஆக்ஸிஜன் சென்சார் மோப்பம் பிடித்துச் சரிக்கட்டிவிடும். என் கார்பரேட்டரில் இருப்பது 1997-இல் போட்ட ஓட்டை. அதற்கு எத்தனாலும் தெரியாது, அரசாங்கக் கொள்கையும் தெரியாது. இ20 கெட்டது என்று நான் கட்சி கட்ட வரவில்லை. தினமும் ஓடுகிற வண்டியில் அது தங்குவதற்கு முன் எரிந்துவிடுகிறது. மூன்று மாதம் நிறுத்தி வைக்கிற என்னைப் போன்றவர்களுக்குத்தான் வம்பு.

இவ்வளவு தண்ணீர் எந்த வழியாக வந்தது? டேங்க் மூடியைத் திறந்து ரப்பர் வாஷரைக் காட்டினார். அப்பளம்போல் வெடித்திருந்தது. வேப்பிலைச் சருகு அடைத்து மூடியைச் சுற்றி மழைத் தண்ணீர் தேங்கியிருந்த கறையும் தெரிந்தது. கவர் போட்டிருந்தேனே என்றேன். "அதுவும் நனைஞ்சு நாளெல்லாம் ஈரத்தோட கெடந்திருக்குமுங்க."

டேங்க்கைக் காலி செய்து, மிதவை அறையை வடித்து, ஜெட்டை ஊதி, வெடிப்பு விழுந்த ரப்பர் ஹோஸ் இரண்டை மாற்றி, புது பெட்ரோல் ஐந்து லிட்டர் ஊற்றினார். சோக்கை இழுத்து செல்ஃப் அடித்ததும் ஒரே ஒரு இருமல். பிறகு மூன்று சிலிண்டருக்கே உரிய அந்த நடுக்கத்தோடு ஓட ஆரம்பித்தது. கூலி, சாமான் எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய்.

டிக்கியில் கிடந்த பழைய காயிலை எடுத்து மீட்டர் வைத்துப் பார்த்தவர், துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். "பத்திரமா வைங்க, நல்லாத்தான் இருக்குது." இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்ற அந்த பாட்டிலை மட்டும் மூடி போட்டு ஷெல்ஃபில் ஏற்றினார். அங்கே ஏற்கெனவே அதேபோல் நான்கு இருந்தன.